அபூர்வ வெண்படலம்

வாய்க்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது என்ன வெள்ளை என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நிலையம் இருக்கிறது. வெண்படல உயராய்வு நிலையம் என்று பெயர். கூடுவாஞ்சேரி தாண்டிச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கல்யாண மண்டபம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் வளைவு, வளைவில் சீரியல் பல்பு, உள்ளே போனால் பன்னீர் தெளிக்கத்தான் ஆள் இல்லை, மற்றதெல்லாம் உண்டு.

விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். கன்னத்துக்கு உள்ளேயோ உதட்டுக்கு உள்ளேயோ நாக்கிலோ வெள்ளைத் திட்டுப் படியும். சிலது வெறும் பூஞ்சை, துணியால் துடைத்தால் வந்துவிடும். சிலது வலை பின்னியதுபோல் கோடு கோடாக இருக்கும். சிலது கூர்மையான பல் உரசி உரசிக் காய்த்துப்போனது. இன்னொரு ரகம் இருக்கிறது, துடைத்தாலும் போகாது, கோடும் இருக்காது, உரசுகிற பல்லும் இருக்காது. அதைத்தான் விடக்கூடாது. விட்டால் நாளைக்குப் புற்றாகத் திரும்பலாம். எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்வதே நிலையத்தின் பிறவிப் பயன். பிரிப்பதில் இருந்த ஆசையினால் அவர்கள் முதலில் தங்களையே துடைப்புத் துறை, கோட்டுத் துறை, உரசல் துறை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு துறைக்காரர் குடித்த டம்ளரில் இன்னொரு துறைக்காரர் தண்ணீர் குடிப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட இடத்தில் போய் மாட்டிக்கொண்டான் உலகநாதன். கல்பாக்கத்துக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற ஒப்பந்த வேனின் டிரைவர் அவன். சொந்த ஊர் உள்ளே, திருக்கழுக்குன்றம் பக்கம். பிழைப்புக்காக வந்து புதுப்பட்டினத்தில் குடியிருந்தான். அவன் பெண்சாதி சம்பூர்ணம், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த டெக்னீஷியன் பையன்களுக்கு மத்தியானச் சாப்பாடு செய்து கொடுத்து வந்தாள். அவள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்காகவே ஊருக்குப் போகிற லீவைத் தள்ளிப்போட்ட பையன்கள் உண்டு.

உலகநாதனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தூள் புகையிலை. வேனில், ஜாக்கி வைக்கிற பெட்டிக்கு அடியில், பழைய துணியில் சுற்றிய பொட்டலம். காலையில் ஆட்களை இறக்கிவிட்டதும் ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொள்வான். வீட்டுக்குப் போகுமுன் கொப்புளித்து, ஏலக்காய் மென்று, நல்ல பிள்ளையாக இறங்குவான். சம்பூர்ணத்தின் அப்பா இதே புகையிலையால்தான் வாய் அழுகிச் செத்தார். அந்த மனுஷனுக்குக் கஞ்சி புகட்டியவள் அவள். அதனாலேயே பெண் பார்க்க வந்த அன்று எல்லார் முன்னாலும் கேட்டாள், "இந்தப் பழக்கம் உனக்குக் கீதா, இல்லியா?" என்று. கிடையாது என்று கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துதான் அவன் தாலி கட்டினான். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. பிறகு வேன் வந்தது, விடியற்கால ஷிப்டு வந்தது, தூக்கத்தை விரட்ட ஒரு சிட்டிகை வந்தது. சத்தியம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

கொஞ்ச நாளாகக் கீழுதட்டுக்கு உள்ளே சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தான். வெள்ளையாக, சுருக்கம் விழுந்து, கட்டைவிரல் அகலத்துக்கு. சரியாகப் பொட்டலம் குடியிருக்கிற இடம். அவனுக்கு மாமனாரின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் கண்ணாடி பார்ப்பதையே விட்டான்.

அப்போதுதான் நிலையத்துக்காரர்கள் புதுப்பட்டினத்தில் 'வெண்படலம் இல்லாத மாவட்டம்' என்று முகாம் போட்டார்கள். ஜோடியாக வந்தால்தான் டோக்கன், ஜோடிக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இலவசம். சம்பூர்ணம் பக்கெட்டுக்காக இழுத்துக்கொண்டு போனாள். இவன் பயத்தினால் பின்னாலேயே போனான்.

முகாமில் ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். பழக்கவழக்கம் பற்றிய கேள்வியை மைக்கில்தான் கேட்பார்கள். பதிலையும் மைக்கில்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஹரிகிருஷ்ணன் தொடக்க உரையிலேயே இதை விளக்கினார். "ரகசியமாகக் கேட்டால் மனிதன் பொய் சொல்லுவான். ஊரறியக் கேட்டால் உண்மை தானாக வரும். இது எங்கள் நிலையம் உலகுக்கு அளித்த முறை. இந்த முறைக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் புகையிலை போடுகிற ஒருவரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது."

கூட்டம் கைதட்டியது. தட்டுவதற்கு முன்னால் சிலர் எழுந்து போய் மைதானத்துச் சுவரோரம் துப்பிவிட்டு வந்தார்கள். சுவர் சிவப்பாக இருந்தது, அதில் அப்படியொன்றும் விசேஷம் இல்லை.

உலகநாதனின் முறை வந்தது.

"உலகநாதன். புகையிலை, பாக்கு, மாவா, பீடி, சிகரெட், ஏதாவது பழக்கம் உண்டா? சத்தமாகச் சொல்லவும்."

மைக் அவன் வாய்க்கு நேரே வந்தது. சம்பூர்ணம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க."

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடையாது சார்" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் சம்பூர்ணம். "எங்க அப்பா அதுலதான் போனாரு. இவரு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டுதான் எனக்குத் தாலி கட்னாரு." சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமை ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை வரைக்கும் போயிற்று. உலகநாதனுக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாயைத் திறந்தான். துடைப்புத் துறைத் தலைவி டாக்டர் வசுமதி உதட்டைப் பிதுக்கிப் பார்த்து, "சார்!" என்று கூவினார். கோட்டுத் துறைத் தலைவர் டாக்டர் ஜெபகுமார் ஓடி வந்தார். ஹரிகிருஷ்ணன் நடந்து வந்தார், ஏனென்றால் இயக்குநர்கள் ஓடக்கூடாது.

"பழக்கம் இல்லை. ஆனால் படலம் இருக்கிறது" என்றார் வசுமதி.

"அபூர்வம்" என்றார் ஹரிகிருஷ்ணன். அவர் கண் கலங்கியிருந்தது. "புகையிலை போட்டு வெண்படலம் வருவது சாதாரணம், யாருக்கும் வரும். எதுவுமே போடாமல் வருவதுதான் அறிவியல்."

ஜெபகுமார் மட்டும் மூக்கைச் சுருக்கினார். "சார், வாயில் ஒரு மாதிரி வாடை..."

"டாக்டர் ஜெபகுமார், கேள்வி கேட்கப்பட்டது, பதில் பதிவானது. பதில் பதிவான பிறகு இந்த நிலையத்தில் மூக்குக்கு வேலை இல்லை."

ஜெபகுமார் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். மறுவாரத்திலிருந்து உலகநாதனைக் காரில் அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். பிறவி எடுத்ததிலிருந்து அடுத்தவரை ஏற்றிப் போனவன், முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து போனான். பெருமையாக இருக்க வேண்டிய விஷயம், அவனோ வழி நெடுக டிரைவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு போனான்.

நிலையத்தில் முதல் சுற்று துடைப்புத் துறைக்கு. "துடைத்தால் போகாதது என்று உலகில் ஒன்று கிடையாது. துடைக்கத் தெரியாதவர்கள்தான் உண்டு" என்று சொல்லி வசுமதி ஆரம்பித்துவைத்தார். அவருக்குப் பின் உதவியாளர்கள் துடைத்தார்கள். உதவியாளர்களுக்குப் பின் மாணவர்கள் வரிசையில் நின்று துடைத்தார்கள். படலம் அசையவில்லை. சுற்றியிருந்த நல்ல தோல்தான் உரிந்து சிவந்தது. "சிவப்பு நடுவே வெள்ளை! புது வகை!" என்று ஒரு மாணவி குறிப்பெடுத்துக்கொண்டாள்.

அடுத்து கோட்டுத் துறை. ஜெபகுமார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கோடு தெரிகிறது" என்றார். மாணவர்கள் பார்த்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. "நம்பிக்கையோடு பாருங்கள்" என்றார். உடனே எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவனுக்குப் பாலாறும் அதன் கால்வாய்களும்கூடத் தெரிந்தன.

உரசல் துறைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. பல் உரசித்தான் வந்திருக்கும் என்று கீழ்வரிசை முன்பற்களை ராவி வழவழப்பாக்கினார்கள். எந்தப் பல் குற்றவாளி என்று தீர்மானம் ஆகாததால் பாரபட்சம் இல்லாமல் எல்லாவற்றையும் ராவினார்கள்.

கடைசியில் கைதூக்கி ஓட்டெடுப்பு நடந்தது. ஒவ்வொரு துறையும் தனக்கே கைதூக்கியது. முடிவு வராததால், மறு உத்தரவு வரும்வரை அந்தத் திட்டு வெள்ளை நிறம் கொண்டது என்று மட்டும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அதற்கே டீயும் சமோசாவும் வந்தன. சமோசாவைக் கடிக்க முடியாமல் உலகநாதனுக்கு ராவிய பற்கள் கூசின.

அன்று அவன் துணிந்து ஒரு வார்த்தை கேட்டான். "ஐயா, வேனுல வர ஒரு சார் சொன்னாரு. துளியூண்டு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்ச்சா கேன்சரா இல்லியான்னு தெரிஞ்சுரும்னு. அத்தப் பண்ணிடலாங்களா?"

சமோசாக்கள் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றன. பெரிய மனிதர்கள் வீட்டு விருந்தில் தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"வெட்டலாம்" என்றார் ஹரிகிருஷ்ணன் பொறுமையாக. "வெட்டிய பிறகு என்ன மிஞ்சும்? ஓட்டை. மாமல்லபுரத்தில் எங்கள் அகில உலக மாநாடு வருகிறது. உலகத்துக்கு நான் ஓட்டையையா காட்டுவது? நீங்கள் இப்போது தனி மனிதர் இல்லை உலகநாதன். நீங்கள் ஒரு மாதிரி. மாநாடு முடியட்டும், தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்."

"அதுவரிக்கும் அது பெருசாச்சின்னா?"

"பெரிதானால் பின்வரிசைக்கும் தெரியும்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

சரி, கேஸ் கிடைத்துவிட்டது. ஆனால் காரணம் வேண்டும் அல்லவா? காரணம் இல்லாமல் கட்டுரையை யாரும் போட மாட்டார்கள். ஆகவே சம்பூர்ணத்தை வரச்சொன்னார்கள். அவள் புதுப்புடவை கட்டி, டாக்டர்களுக்கு என்று ஒரு தூக்கில் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா சமைப்பீர்கள் வீட்டில்?"

"எல்லாம் சமைப்பேன் சார். இவருக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்புதான் உசுரு. காரம் தூக்கலா, கொதிக்கக் கொதிக்க ஊத்தினாதான் எறங்கும்."

ஹரிகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வசுமதியைப் பார்த்தார், ஜெபகுமாரைப் பார்த்தார், உரசல் துறைக்காரரைப் பார்த்தார். மூன்று துறையும் முதல்முறையாக ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின.

"அம்மா" என்றார் ஹரிகிருஷ்ணன். "வருத்தப்படாதீர்கள். அறிவியலுக்கு ஈவு இரக்கம் கிடையாது. இவ்வளவு வருஷமாக நீங்கள் குழம்பைச் சமைக்கவில்லை. உங்கள் கணவரின் வாயைச் சமைத்திருக்கிறீர்கள்."

சம்பூர்ணத்துக்கு முதலில் புரியவில்லை. வசுமதி படம் போட்டு விளக்கினார். காரம் படப்பட, சூடு படப்பட, தோல் வெந்து வெந்து வெளுத்துப்போகிறது. நாளைக்கு அது எதுவாகவும் ஆகலாம். என்னவாக ஆகலாம் என்பதை அவள் அப்பா வாயில் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

அவள் திரும்பி உலகநாதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்விகூட இல்லை, மன்னிப்புத்தான் இருந்தது. அந்த நிமிஷம் அவன் சொல்லியிருக்க வேண்டும். கதை சொல்கிற எனக்கே பொறுக்கவில்லை, அடப்பாவி, சொல்லேண்டா! அவன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பூர்ணம் தூக்கை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மிளகாய் நின்றது. குழம்பு ஆறிப் பச்சைத்தண்ணி ஆனபிறகுதான் இலைக்கு வரும். டெக்னீஷியன் பையன்களுக்கும் அதையே கொடுத்தாள். "அக்கா, இன்னா ஆச்சு உன் கைக்கு?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். "போவட்டும்" என்றாள் அவள். "அத்தினி புள்ளைங்க வாயையும் நான் வேவ வச்சுகினு இருந்துருக்கேன்."

ஒரு மத்தியானம், சாப்பாட்டின் நடுவில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கப்பனுக்கு வந்தாப்ல ஒனக்கு வந்துறக் கூடாதுன்னு பயந்து பயந்துதான்யா உன்னைப் பாத்துகினேன். பக்கத்துல யாராச்சும் பொட்டலம் பிரிச்சாக்கூட உன்னை இட்டுகினு வந்துருவேன். கடசீல நானே உன் வாய்க்குக் கொள்ளி வச்சுகிறேனே."

"அப்பிடிலாம் சொல்லாத சம்பூர்ணம்."

"வேற எப்பிடிச் சொல்றது? அம்மாம் பெரிய டாக்டருங்க பொய்யா சொல்வாங்க?"

அவன் எழுந்து வேனுக்குப் போனான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். அழுகையை அடக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ஜாக்கிப் பெட்டிக்கு அடியில் இருந்தது. அந்தக் காலத்தில் முன்னைவிட இரண்டு மடங்கு போட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டியதுதான். திட்டும் சும்மா இருக்கவில்லை. நாக்கால் தடவினால் ஓரம் தடித்துக்கொண்டு வருவது தெரிந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தனியாக நிலையத்துக்குப் போனான். ஹரிகிருஷ்ணனின் அறையில் நின்று, "ஐயா, நான் பொகையிலை போடறவன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். கொழம்பு இல்லீங்க காரணம். தயவுபண்ணி எம் பொஞ்சாதிக்கு அத்த எடுத்துச் சொல்லணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஹரிகிருஷ்ணன் கதவைச் சாத்தினார்.

"உட்காருங்கள். நீங்கள் படித்தவர் இல்லை, அதனால் சொல்கிறேன். உண்மை என்பது கேட்கும்போது சொல்வது. கேட்கிற நேரம் முடிந்துவிட்டது. இப்போது நீங்கள் சொல்வது உண்மை இல்லை, இடைஞ்சல். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. 'பழக்கமற்ற வாயில் கருவாட்டுக் குழம்பினால் விளைந்த வெண்படலம்' என்று தலைப்பு. நான் உங்களை நம்பினால், உங்களை நம்பி எழுதிய நான் என்ன ஆவது?"

"எம் பொஞ்சாதி தெனம் அழுவுறா சாமி."

"அவர்களையும் மாநாட்டுக்கு அழைத்து வாருங்கள். மேடையில் பேச வாய்ப்புத் தருகிறோம். மனசு லேசாகும்."

மாநாடு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. அகில உலகம் என்ற பேருக்கு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார், அவரும் சிதம்பரத்துக்காரர். மேடையின் பின்னால் திரை. திரையில் உலகநாதனின் வாய். ஊரில் இருக்கிற யானைச் சிற்பம் அளவுக்கு உதடு, அதன் நடுவே வண்டிச் சக்கரம்போல் வெள்ளை. படம் வந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிங்கப்பூர்க்காரர் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்.

இடைவேளையில் சாப்பாடு. ஆவி பறக்கும் மீன்குழம்பு, மிளகாய் போட்ட நெத்திலி வறுவல். டாக்டர்கள் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு மறுபடியும் தட்டை நீட்டினார்கள். சம்பூர்ணம் ஓர் ஓரமாக நின்று அவர்கள் வாய்களையே கவலையோடு பார்த்தாள். போய்ச் சொல்லலாமா என்று இரண்டடி எடுத்தும் வைத்தாள், உலகநாதன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டார்கள். உலகநாதனுக்குப் பொன்னாடை. 'புகையிலை தொடாத புனிதர்' என்று கேடயம். அதை அவன் நெருப்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான். அடுத்து சம்பூர்ணத்தின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "எனக்குப் பேசத் தெரியாது. இவரு நல்லவரு. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. இப்பேர்ப்பட்ட மனுசன் வாய நானே பாழ் பண்ணிட்டேன். வேணும்னு பண்ணல. ஆசையா ஆக்கிப் போட்டேன், அவ்ளோதான். அதுவே இப்பிடி ஆவும்னு தெரியாது. இங்க கீற எல்லாரும் என்னை மன்னிச்சுருங்க." அவள் சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு திரும்பி, திரையில் இருந்த அந்தப் பெரிய வாயையும் பார்த்துக் கும்பிட்டாள்.

அதற்கு மேல் உலகநாதனால் தாங்க முடியவில்லை. கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினான்.

"பொய்! எல்லாம் பொய்! நான்தான் பொகையிலை போடறேன். வருசக்கணக்கா போட்டுகினு கீறேன். கொழம்பும் இல்ல, மண்ணும் இல்ல. இவ மேல ஒரு தப்பும் கெடையாது. இத பாருங்க!" இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தை உருவி உயர்த்திப் பிடித்தான்.

உலகநாதனுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. அந்த ஒரு கணத்துக்குள் ஹரிகிருஷ்ணன் மைக்கைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"பார்த்தீர்களா!" என்றார், தழுதழுத்த குரலில். "பார்த்தீர்களா, அன்பர்களே! மனைவியின் மேல் விழுந்த பழியைத் துடைக்க, தான் தொட்டே அறியாத பழக்கத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்! அதற்காக எங்கோ ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்! இவர் வாய் மட்டும் அபூர்வம் என்று நினைத்தேன். மனசும் அபூர்வம்!"

கூரை இடிகிற மாதிரி கைதட்டல். வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அந்தத் துறைக்கு அது வழக்கம்தான். உலகநாதன் "நெசமாங்க, நெசமா..." என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது பொன்னாடை போட்டார்கள்.

வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல் இரைந்தது. சம்பூர்ணம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். சந்தோஷ விசும்பல் அது, அதுதான் கொடுமை.

"எனக்கோசரமா அத்தினி பேரு முன்னால உன்னையே கேவலப்படுத்திகினியேய்யா. எவன்யா செய்வான் இப்பிடி?"

"சம்பூர்ணம், அது நெசம்."

"சும்மா இரு. எனக்குத் தெரியாதா உன்னை?"

"கற்பூரத்து மேல ஆணையா நெசம்."

"இன்னும் இன்னும் அழ வைக்காத என்னை."

உலகநாதனுக்கு வேறு வழி தெரியவில்லை. ரோட்டோரமாக நின்றான். பொட்டலத்தை எடுத்தான். பல்லால் ஓரத்தைக் கிழித்தான், உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான், கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தான், சிட்டிகையாக எடுத்துக் கீழுதட்டை இழுத்து உள்ளே வைத்து நாக்கால் ஒதுக்கினான். கையைப் பார்க்கவே இல்லை. கண் ரோட்டில் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது, கை தன் பாட்டுக்கு வேலையை முடித்தது.

சம்பூர்ணத்தின் விசும்பல் நின்றுவிட்டது. சின்ன வயசு முழுக்க அவள் அப்பாவின் கை இப்படித்தான் போயிற்று. புதிதாகப் போடுகிறவன் கைக்கு அந்த லாகவம் வராது. எந்த டாக்டரும் அவளுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்து நின்று, ஆள் ஏறாததால் போயிற்று.

"துப்பு" என்றாள்.

துப்பினான். அவள் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கொப்புளித்தான். அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவள் தோள் ஒரு துளி நகர்ந்தது.

மறுநாள் காலையில் பொது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று மட்டும் சொன்னாள். அங்கே வளைவு கிடையாது, பல்பு கிடையாது, பெஞ்சு மட்டும் உண்டு. பல் பிரிவில் டாக்டர் ஜெனிட்டா என்று ஒரு பெண். உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை பஞ்சுத் துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு சம்பூர்ணத்தை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா? அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"இங்கியே கேளும்மா. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

ஜெனிட்டா கேட்டார். உலகநாதன் சொன்னான், என்னென்ன போட்டான், எப்போது ஆரம்பித்தான், முகாமில் என்ன நடந்தது என்பதெல்லாம். சொல்லச் சொல்ல சம்பூர்ணம் சுவரில் ஒட்டியிருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மாநாடு தேவைப்படவில்லை.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் நிலையத்தின் கட்டுரை வெளிவந்துவிட்டது, பரிசும் வாங்கிற்று. இயக்குநர் அச்சகத்துக்கே போய்ப் புதுப் பத்தி ஒன்று சேர்த்திருந்தார். கருவாட்டுக் குழம்பு வெண்படலக்காரர்களுக்கு மனைவி மேல் பாசம் அதிகரித்துப் பொய் பேசும் போக்கு உண்டாகிறது என்றும், இது தனித் துறை வைத்து ஆராயத்தக்கது என்றும்.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் அதே பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிட்டா உள்ளே கூப்பிட்டார்.

"கேன்சர் ஆகலை. ஆனா அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. மொத்தத் திட்டையும் வெட்டி எடுத்துடலாம். நீங்க புகையிலைய விட்டுடணும், இனிமே ஒரு சிட்டிகைகூட ஆகாது. ஒழுங்கா செக்கப் வந்துட்டே இருக்கணும். முகாமுல பாத்தப்பவே வெட்டியிருந்தா இன்னும் சின்னதா முடிஞ்சிருக்கும்."

உலகநாதனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பிழைத்துவிட்டோம் என்கிற அழுகை. வெளியே வராந்தாவில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வுட்டுட்டேன் சம்பூர்ணம். இனிமே தொட மாட்டேன். அத்த வெட்டி எடுத்துட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றான்.

மாநாட்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அத வெட்டி எடுத்துருவாங்க, சரி" என்றாள். "அன்னிக்கு அந்தாளு, உன் புருசன் வாய நீதான் வேவ வச்சேன்னு சொன்னப்ப, நான் உன்னைத் திரும்பிப் பாத்தேன். நீ ஃபேனைப் பாத்துகினு ஒக்காந்துகினு இருந்த. அத்த எந்த ஆஸ்பத்திரில போய் வெட்றது?"